கடலே இல்லாத தீவில் ஒரு நீலக்குருவி

மழை விட்ட மறுநாள் காலையில், காற்றில் தூசி அடங்கியிருந்தால், திண்டுக்கல்லில் இருந்து பார்க்கும்போது மேற்கே நீலமாக ஒரு சுவர் தெரியும். அதுதான் பழனி மலைத்தொடர். ஊர்க்காரர்களுக்கு அது கோடைக்கானல் இருக்கிற மலை. லீவுக்குப் போய் ஏரியில் படகு விட்டு, தைலமும் ஹோம்மேட் சாக்லேட்டும் வாங்கி வருகிற இடம். ஆனால் பறவைகளை ஆராய்கிறவர்கள் அதை மலை என்பதோடு நிறுத்துவதில்லை. தீவு என்கிறார்கள்.

தீவா? அப்படியென்றால் கடல் எங்கே?

நாம் நிற்கிற இடம்தான் கடல்! திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம் வருகிறது. கீழே வேப்பமரம், கருவேலம், முருங்கைத் தோட்டம், வெங்காய வயல். மேலே பாசி படர்ந்த மரங்கள், பனிமூட்டம், எப்போதும் ஈரமான மண். அந்த ஈரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு சின்னப் பறவைக்கு, கீழே கொதிக்கிற சமவெளி என்பது கடக்க முடியாத உப்புத் தண்ணீர் மாதிரிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் இப்படித் தனித்தனியாகக் கிடக்கும் சோலைக்காடுகளை வானத் தீவுகள் என்று அழைப்பது இன்று ஆய்வாளர்களிடம் வழக்கமாகிவிட்டது. (ஆங்கிலத்தில் 'ஷோலா' என்று எழுதுகிறார்களே, அது நம் 'சோலை'யேதான்.)

அந்தத் தீவில் இருக்கிற ஒரு குருவியைப் பற்றியதுதான் இந்தக் கதை.

சிட்டுக்குருவிக்கு ஒரு படி பெரியது, அவ்வளவுதான். சுமார் 15 செ.மீ. நீளம். தலை, முதுகு, மார்பு எல்லாம் சிலேட்டில் நீல மை கொட்டியது போல அடர்ந்த நீலம். கண்ணுக்கு முன்னால் கறுப்பு, அதற்கு மேலே வெளிறிய நீலத்தில் ஒரு புருவக்கோடு. வயிறு மட்டும் வெள்ளை. கால்கள் நீளம். ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காட்டின் தரையிலும், தரைக்கு முழங்கால் உயரத்துக்குள்ளும்தான் நடமாட்டம். உதிர்ந்த இலைகளுக்கு நடுவில் பூச்சி பொறுக்கும். மரப்பொந்திலோ மண்சரிவில் இருக்கும் குழியிலோ பாசியை வைத்துக் கூடு கட்டி, வழக்கமாக 2 முட்டை இடும். உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் ரொம்பச் சின்னது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே, பழனி மலை, ஆனைமலை, மூணாறு போன்ற உயர்ந்த மலைகள். அங்கே மட்டும்தான்.

இதை யார் 'கண்டுபிடித்தது'? இந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. பழனி மலையில் பளியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். மலை கிராமங்களில் மன்னாடியார்களும் குன்னுவர்களும் விவசாயம் பார்த்து வந்திருக்கிறார்கள். காலையும் மாலையும் காட்டோரம் வந்து விசில் அடிக்கிற ஒரு குருவியை இவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்ப முடியுமா? கண்டுபிடித்த ஆண்டு என்று புத்தகங்கள் சொல்வதெல்லாம், ஐரோப்பியர் ஒருவர் அதை லத்தீன் பெயரோடு அச்சில் ஏற்றிய ஆண்டு. அந்த அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

அச்சில் ஏறிய கதை காய்ச்சலில் தொடங்குகிறது. 1821ல் லெப்டினென்ட் வார்டு என்பவர் பழனி மலையை அளந்து போனார். 1834ல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். அடுத்த சில வருடங்களில் அவர்களும் குழந்தைகளும் காலராவிலும் காய்ச்சலிலும் வரிசையாகச் செத்தார்கள். தப்பிக்க முதலில் அவர்கள் பார்த்தது கோடைக்கானலை அல்ல, திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறுமலையை! அங்கே பங்களா கட்டினார்கள். ஆனால் சிறுமலை போதுமான உயரம் இல்லை, மலேரியா அங்கேயும் துரத்தியது. அதற்குப் பிறகுதான் பழனி மலையின் உச்சிக்குப் போய் 1845ல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். கோடைக்கானல் ஊரின் ஆரம்பம் அந்த இரண்டு வீடுகள்தான். இன்று படகு விடுகிற ஏரி, 1863ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியது.

அப்படி மலைக்கு வந்து போன மிஷனரிகளில் ஒருவர் சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க். அவர் மதுரை மிஷனைச் சேர்ந்தவர் இல்லை. மராத்தி நாட்டில், அகமத்நகர் பக்கம் ஊழியம் செய்தவர். பைபிள் ஒரு கையில் என்றால் துப்பாக்கி மறு கையில். தப்பாக நினைக்க வேண்டாம், அந்தக் காலத்தில் பறவை பார்ப்பது என்றாலே பறவையைச் சுடுவதுதான். பைனாகுலர் சரியாக இல்லாத, கேமரா காட்டுக்குள் போகாத காலம். சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, சீட்டு கட்டினால்தான் அது சாட்சி. 1860களில் கோடைக்கு ரயிலும் கிடையாது, பஸ் ரோடும் கிடையாது. (மதுரைக்கு ரயில் வந்ததே 1875ல்.) அடிவாரம் வரை மாட்டுவண்டி, அதற்கு மேல் நடை, குதிரை, இல்லாவிட்டால் ஆட்கள் தூக்கும் டோலி. அப்படி ஏறிய மலையில் ஃபேர்பேங்க் சேகரித்த பறவைத் தோல்களில் நம் நீலக்குருவியும் இருந்தது.

அது போய்ச் சேர்ந்தது வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு கைக்கு. இவர் பறவை ஆள் இல்லை, கல் ஆள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் 1855ல் சேர்ந்தவர். நிலக்கரியும் பாறை அடுக்கும்தான் தொழில், பறவைகளும் நத்தைகளும் பொழுதுபோக்கு. லண்டன் விலங்கியல் கழகத்தின் 1867ஆம் ஆண்டு இதழ்த் தொகுதியில் இந்தக் குருவிக்கு அல்பிவென்ட்ரிஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் வெள்ளை வயிறு என்று அர்த்தம். அந்தத் தொகுதி அச்சாகி வந்தது 1868ல் என்பதால் புத்தகங்களில் 1868 என்றே போடுகிறார்கள். அடுத்த வருடமே, 1869ல், பழனி மலையில் இருந்து வந்த இன்னொரு பறவைக்கு, ஒரு சிரிப்பானுக்கு, ஃபேர்பேங்கின் பெயரையே வைத்து நன்றிக்கடனைத் தீர்த்தார் பிளான்ஃபோர்டு. ஃபேர்பேங்கும் சும்மா இருக்கவில்லை. பழனி மலையில் தான் பார்த்த, சுட்ட பறவைகளின் பட்டியல் ஒன்றை 1877ல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற இதழில் வெளியிட்டார். அந்த இதழை நடத்தியவர் யார் தெரியுமா? ஏ.ஓ. ஹியூம். 1885ல் காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாக இருந்தாரே, அதே ஹியூம்தான்!

பிளான்ஃபோர்டு கல் ஆள் என்று சொன்னது வெறும் தகவலுக்காக அல்ல. அவருக்குள் இருந்த புவியியலாளர் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார். தென்னிந்திய மலை உச்சிகளிலும் இலங்கை மலைகளிலும் இருக்கிற சில விலங்குகளும் செடிகளும் இமயமலையில் இருப்பவற்றுக்குச் சொந்தக்காரர்களாகத் தெரிகின்றன. நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வெயில் காயும் சமவெளி. எப்படி வந்தார்கள்? அவர் சொன்ன பதில் பனியுகம். ஒரு காலத்தில் உலகமே குளிர்ந்தபோது, குளிர் விரும்பும் உயிர்கள் சமவெளி வழியாகவே தெற்கே பரவின. மறுபடி வெயில் ஏறியபோது சமவெளியில் இருந்தவை அழிந்தன, மலையேறியவை மாட்டிக்கொண்டன. வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறி நிற்கிற ஜனங்கள் மாதிரி. 1901ல் அவர் வெளியிட்ட பெரிய கட்டுரையிலும் இந்த விளக்கம் இருக்கிறது. பிற்பாடு 1949ல் சுந்தர் லால் ஹோரா, சாத்பூரா மலைகள் வழியாக இந்த உயிர்கள் வந்திருக்கலாம் என்று வேறு வழி காட்டினார். அது தனிக்கதை.

சரி, நம் குருவிக்கு வருவோம். பெயர் வைத்தாகிவிட்டது, பிரச்சினை முடிந்ததா என்றால், அப்போதுதான் தொடங்கியது.

நீலகிரியில் இதன் சொந்தக்காரக் குருவி ஒன்று உண்டு. நீலம் அதேதான், ஆனால் வயிற்றின் பக்கங்களில் செம்பழுப்பு. மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டான் அதற்கு 1844லேயே மேஜர் என்று பெயர் வைத்துவிட்டார். (ராணுவ மேஜர் அல்ல, பெரியது என்று பொருள்.) இரண்டும் ஒரே பறவையின் இரண்டு வடிவமா, இரண்டு தனிப் பறவைகளா? 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, ஒன்றுதான் என்றே ஓடியது. சாலிம் அலியும் ரிப்ளியும் எழுதிய பெரிய கையேட்டில்கூட நம் வெள்ளை வயிற்றுக்காரர் ஒரு துணை இனம்தான், தனி அந்தஸ்து இல்லை. எந்தக் குடும்பம் என்பதிலும் குழப்பம். முதலில் ஒரு பேரினம், பிறகு குட்டைச்சிறகன்களோடு சேர்த்தார்கள், 2005ல் பமீலா ராஸ்முசன் நூல் இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்து, ராபின் வகையில் கொண்டுபோய் வைத்தது. வாடகை வீடு மாறுகிற மாதிரி குருவி ஒவ்வொரு பேரினமாக மாறிக்கொண்டே இருந்தது. எல்லாம் தோலையும் இறகையும் வைத்துச் செய்த யூகம்.

யூகத்துக்கு முடிவு கட்டியது ஒரு சொட்டு ரத்தம். வி.வி. ராபின் என்ற ஆய்வாளர் (ராபின் பறவையை ஆராய்ந்தவரின் பெயரே ராபின்!) 2000களின் தொடக்கத்தில் இருந்தே இந்தக் குருவியின் பின்னால் அலைந்தவர். பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் போன்றவர்களுடன் சேர்ந்து, மலை மலையாகப் போய், மெல்லிய வலை கட்டிக் குருவிகளைப் பிடித்து, துளி ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்பப் பறக்கவிட்டார்கள். ஃபேர்பேங்க் காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். அப்போது சாட்சி சொல்ல குருவி சாக வேண்டியிருந்தது.

2010ல் வந்த முடிவு எளிமையானது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது வேறு, தெற்கே இருப்பது வேறு. பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு போகிறவர்களுக்குத் தெரியும், மலை திடீரென்று இல்லாமல் போய் காற்று மட்டும் வீசும். சுமார் 40 கி.மீ. அகலம்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த 40 கி.மீ. பள்ளம் இரண்டு பக்கத்துக் குருவிகளையும் பத்து லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதாவது பிளான்ஃபோர்டு சொன்ன பனியுகங்களுக்கும் முந்தைய பிரிவு. பருவநிலை மாற்றங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் கிழவர் முழுக்கத் தப்பில்லை. ஆனால் பழைய பள்ளங்கள்தான் முதல் கோடு போட்டவை.

2017ல் அடுத்த வெடி. மரபணுவை முழுசாக ஒப்பிட்டபோது, இந்தக் குருவிகள் ராபினும் இல்லை, குட்டைச்சிறகனும் இல்லை, நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமான, ஆனால் எதோடும் சேராத தனிக் கிளை என்று தெரிந்தது. எனவே புதிதாக ஒரு பேரினமே உண்டாக்கினார்கள். பெயர் 'ஷோலிகோலா', சோலையில் வாழ்வது என்று அர்த்தம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருக்கும் குருவி மூன்றாவது இனம் என்று அறிவிக்கப்பட்டது. ஃபேர்பேங்க் பெயர் கொண்ட சிரிப்பானுக்கும் அவன் பங்காளிகளுக்கும்கூட அதே கட்டுரையில் தனிப் பேரினம் கிடைத்தது. 150 வருடங்கள் நம் கண் முன்னால் இருந்த பறவைகள், உலகில் வேறு எங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

இவற்றுக்கு வைத்த பொதுப்பெயர் 'சோலைக்கிளி'. ஆங்கிலப் பட்டியல்களிலும் இப்போது அப்படித்தான். இதில் ஒரு வேடிக்கை. மலையாளத்தில் கிளி என்றால் எந்தச் சின்னப் பறவையும் கிளிதான். தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளி மட்டும். எனவே கோடைக்கானலுக்கு வந்து சோலைக்கிளி எங்கே என்று கேட்டால், உள்ளூர்க்காரர் சிவப்பு மூக்கை நினைத்துக்கொண்டு மரத்து உச்சியைக் காட்டக்கூடும். சோலைக்குருவி என்று வைத்திருந்தால் நமக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

பெயர்ச்சண்டை இருக்கட்டும். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. இதே குழு 2015ல் வெளியிட்ட ஆய்வு, தீவுக்குள் தீவு உருவாகி வருவதைக் காட்டியது. இயற்கையான பள்ளத்துக்குப் பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆன வேலையை, தேயிலைத் தோட்டமும் ரோடும் ஊரும் நூறு, நூற்றைம்பது வருடங்களில் செய்யத் தொடங்கிவிட்டன. ஒரே மலையில் இருக்கும் குருவிகளே இரண்டு சோலைகளுக்கு நடுவில் போக முடியாமல் மரபணுவில் விலக ஆரம்பித்திருக்கின்றன. 2016ல் வந்த இன்னொரு ஆய்வு இவற்றின் பாட்டைப் பதிவு செய்து ஒப்பிட்டது. பழைய பள்ளங்களால் பிரிந்தவை மட்டுமல்ல, சமீபத்தில் காடு அழிந்ததால் பிரிந்த குருவிகளின் பாட்டும் மாறியிருந்தது. குஞ்சு பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத்தான் பாட்டுக் கற்கிறது. பக்கத்து வீடே இல்லை என்றால்?

பழனி மலையின் கணக்கு இன்னும் கசப்பானது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018ல் வந்த ஆய்வின்படி, இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலை என்பது மரம் மட்டும் இல்லை. மடிப்பில் காடு, மேட்டில் புல், இரண்டும் சேர்ந்ததுதான். அந்தப் புல்லை 'தரிசு' என்று எழுதி, வனத்துறையே வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நட்டது. கோடைக்குப் போய் பைன் காட்டில் நின்று போட்டோ எடுக்காதவர் உண்டா? அந்த அழகு மொத்தமும் நட்டுவைத்தது. வாட்டில் நட்டதற்கு ஒரு காரணம் தோல் பதனிட உதவும் அதன் பட்டை. டி. செல்வராஜின் 'தோல்' நாவல் படித்தவர்களுக்குத் திண்டுக்கல்லுக்கும் தோலுக்கும் உள்ள உறவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டைக்கு மவுசு போன பிறகும் வாட்டில் போகவில்லை. விதை விழுந்த இடமெல்லாம் முளைத்துப் புல்லை விழுங்கிக்கொண்டு இருக்கிறது.

அப்படியென்றால் அந்த மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளலாமே? அங்கேதான் சிக்கல். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. வட்டக்கானலில் வருடக்கணக்காகச் சோலை நாற்று வளர்த்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டி, கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள் என்கிறார்கள். புல்வெளி ஆய்வாளர்களோ, புல் மிச்சம் இருக்கிற இடத்தையாவது உடனே மீட்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இடத்துக்கு இடம் பார்த்து முடிவு செய்வதுதான் சரியாகத் தோன்றுகிறது, ஆனால் அதற்கு டெண்டர் விட்டு மொத்தமாக வெட்டுவதைவிட அதிக பொறுமை வேண்டும். 2013ல் கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது ஒரு ஆறுதல், சுமார் 600 சதுர கி.மீ. ஆனால் சரணாலய வேலி வெப்பத்தைத் தடுக்காது. கீழே சூடு கூடக்கூட குளிர் தேடும் உயிர்கள் மேலே நகர வேண்டும். உச்சியிலேயே இருக்கிற குருவி எங்கே நகரும்?

இனி, இதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. கோடைக்கானல் ஊரை ஒட்டியே பாம்பே சோலை இருக்கிறது, வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலை இருக்கிறது. எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பிரயோஜனம் இல்லை. வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், அல்லது சாயங்காலம் இருட்டப் போகும்போது, சோலை ஓரத்து நடைபாதையில் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். மரத்து உச்சியில் நீலமாக ஒன்று வெளிப்படையாக உட்கார்ந்திருந்தால் அது பெரும்பாலும் நீலகிரி ஈப்பிடிப்பான், ஏமாறக் கூடாது. கறுப்பும் ஆரஞ்சும் கலந்து புதரில் ஓடுவது இன்னொரு மலைவாசி, அதுவும் பார்க்கத் தகுந்ததுதான். நம் ஆள் தரையில் இருப்பார். முதலில் காதுக்குத்தான் கிடைப்பார். அவசரமில்லாத, ஏறி இறங்கும் விசில், நடுவில் கொஞ்சம் கரகரப்பு. பேச்சு சத்தம் கேட்டால் நின்றுவிடும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், இலைச்சருகு லேசாகப் புரளும், நீளக்கால் தெரியும், வாலை ஒரு முறை ஆட்டிவிட்டு பாதையின் நடுவுக்கே வந்து நிற்கும். ஸ்பீக்கரில் அதன் பாட்டைப் போட்டு வெளியே இழுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, கூடு கட்டுகிற ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் அது செய்யவே கூடாத காரியம். கோடையில் சீசன் கூட்டம் அலைமோதுவதும் சரியாக அதே மாதங்களில்தான்.